உசந்த கேபின் என்று சொல்லி வயதானவர்களை ஊஞ்சலில் ஏற்றாதீர்கள்

போன வாரம் காலை நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூட நடக்கும் நண்பர் போனை நீட்டினார். லண்டனில் இருக்கும் அவர் மகன், அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு உல்லாசக் கப்பலில் பத்து நாள் பயணம் ஏற்பாடு செய்கிறானாம். திரையில் கப்பலின் படம், ஒரு கேபினைச் சுற்றிச் சிவப்பு வட்டம். தளம் 14, கப்பலின் முன்பக்கம், பால்கனி.

"இருக்கறதுலயே ஒசந்தது இதுதான் சார். ஏஜென்ட் சொன்னானாம். பையன் காசைப் பார்க்கல" என்றார். முகமெல்லாம் பெருமை.

"வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பொறாமை என்று கூட நினைத்திருக்கலாம். அதனால்தான் வாயால் சொன்னதோடு விடாமல் இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றில்லாவிட்டால் நாளை உங்களுக்கும் இப்படி ஒரு சிவப்பு வட்டம் வரும்.

எங்களுக்கு வந்தது. அக்டோபர் மாதம், சவுத்தாம்ப்டனில் இருந்து ஸ்பெயின் பக்கம் போகிற கப்பல். மகன்தான் டிக்கெட் எடுத்தான். தளம் 12, முன்கோடியில் இருந்து நாலாவது கதவு, பால்கனி. "கப்பல் ஆடுமா?" என்று அவன் கேட்டதற்கு ஏஜென்ட் சொன்ன பதில்: "ஃபைவ் ஸ்டார் ஹோட்டல் மாதிரி. ஆட்டமே தெரியாது."

முதல் நாள் தெரியவில்லைதான். ஆங்கிலக் கால்வாய் அமைதியாக இருந்தது. மனைவி பால்கனியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். மறுநாள் மாலை பிரான்ஸின் மேற்கு நுனியைத் தாண்டி பிஸ்கே விரிகுடாவுக்குள் நுழைந்தோம். அட்லாண்டிக்கில் எங்கோ அடித்த காற்றின் அலை, தடுக்க ஒரு தீவு கூட இல்லாமல் அங்கே வந்து சேர்கிறது. நாலாயிரம் மீட்டருக்கு மேல் ஆழமான கடல், கரை நெருங்கும்போது இருநூறு மீட்டருக்கும் குறைவாகி விடுகிற இடம். இலையுதிர் காலத்தில் அந்த வழி குலுக்கும் என்பது ஐரோப்பாவில் கப்பல் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கட்டில் எங்களை மேலே தூக்கியது, நிறுத்தியது, பிறகு கீழே விட்டது. எட்டு ஒன்பது விநாடிக்கு ஒருமுறை, விடாமல். நடுநடுவே கப்பலின் மூக்கு அலையில் மோதும்போது டமார் என்று சத்தம். அலமாரிக் கதவுகள் கிடுகிடுத்தன. இரண்டரை மணிக்கு மனைவி பாத்ரூம் போக எழுந்தாள். அந்தக் கேபின்களில் பாத்ரூம் வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு நிலை இருக்கும். அவள் காலைத் தூக்கி வைத்த நேரம் தரை கீழே போய்விட்டது. விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது.

சக்கர நாற்காலியில் வைத்து மருத்துவ அறைக்கு அழைத்துப் போனார்கள். அது தளம் 3-ல், கப்பலின் நடுப்பகுதியில் இருந்தது. அவளுக்குக் கட்டுப் போடும்போது மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்ந்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டு சிந்தவில்லை. பத்து நிமிஷம் முன்னால் எங்கள் கேபினில் சோப்பு, சீப்பு, என் கண்ணாடி எல்லாம் தரையில் உருண்டு கொண்டிருந்தன. அதே கப்பல், அதே கடல், அதே நேரம்.

"எந்த கேபின்?" என்று நர்ஸ் கேட்டாள். சொன்னேன். "ஓ, முன்பக்கமா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டாள். அந்த "ஓ" இன்னும் என் காதில் இருக்கிறது.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் முப்பத்து நாலு வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். நெம்புகோல் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தபோது தளம் 12 என்பதை நானும் ஏதோ பன்னிரண்டாம் மாடி லாட்ஜ் ரூம் மாதிரிதான் பார்த்தேன்.

கணக்கு ரொம்பச் சின்னது. நம் வயதுக்காரர்களுக்கு ஏற்றம் ஞாபகம் இருக்கும். கிணற்றுமேல் நீளமான மரம், அதன்மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, சால் இறங்கி ஏறும். மரத்தின் நடுவில் நிற்கிறவனுக்குக் கால் அசைவது கூடத் தெரியாது. நுனிக்குப் போனால் ஆள் உயரம் மேலே போய்க் கீழே வரவேண்டும். எதிர் அலையில் போகிற கப்பலும் இதைத்தான் செய்கிறது. நடுவை ஒட்டிய ஓர் அச்சில், முன்னும் பின்னும் மாறி மாறிச் சாய்கிறது.

கப்பல் ஒரே ஒரு டிகிரி சாய்கிறது என்று வையுங்கள். நடுவில் இருந்து 120 மீட்டர் தள்ளி முன்னால் படுத்திருப்பவர் 2 மீட்டருக்குச் சற்று அதிகமாக மேலே போவார், அதே அளவு கீழே வருவார். மொத்தம் 4 மீட்டருக்கு மேல், அதாவது ஒரு மாடி உயரத்தைவிட அதிகம், இரவெல்லாம், நிமிஷத்துக்கு ஆறேழு தடவை. நடுவில் இருந்து 10 மீட்டரில் படுத்திருப்பவருக்கு அதே சாய்வில் மொத்தமே 35 சென்டிமீட்டர்தான். முழுக் கப்பலும் அலையோடு சேர்ந்து ஏறி இறங்குவது இருவருக்கும் பொது. ஆனால் இந்தக் கூடுதல் தண்டனை முன்கோடிக்கும் பின்கோடிக்கும் மட்டும்.

பக்கவாட்டு ஆட்டம் வேறு கதை. அதற்குப் பனைமரத்தைப் பாருங்கள். காற்றில் அடிமரம் அசையாது, தலை ஆடும். கப்பல் இடமும் வலமும் 3 டிகிரி சாய்ந்தால், உருளும் அச்சுக்கு 30 மீட்டர் மேலே இருப்பவர் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர் தள்ளப்படுவார். 5 மீட்டர் மேலே இருப்பவர் ஒரு ஜாண் அளவு, கால் மீட்டர். தரை சாய்கிற கோணம் இருவருக்கும் ஒன்றுதான், அதில் பேதம் இல்லை. ஆளைத் தூக்கிப் போடுவது, தரையே காலுக்குக் கீழே இடம் மாறுகிற வேகம். எங்கள் கேபினில் இரண்டும் சேர்ந்தன. முன்கோடி, அதிலும் பன்னிரண்டாம் தளம்.

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இதில் எதையும் விளக்கத் தேவையில்லை. பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால் வேகத்தடையில் தலை கூரையில் இடிக்கும் என்பது நமக்குத் தெரியும். அதனால் பெரியவர்களை நடுவில் உட்கார வைப்போம். பத்து ரூபாய் டவுன் பஸ்ஸில் காட்டுகிற அக்கறையை லட்சக்கணக்கில் காசு கொடுத்து ஏறுகிற கப்பலில் ஏன் மறந்துவிடுகிறோம்?

மறக்கடிக்கிறார்கள், அதனால்தான். விலைப்பட்டியலைப் பாருங்கள். மேலே போகப் போக விலை ஏறும். சன்னல் வைத்த கேபினைவிட பால்கனி அதிகம், பால்கனியைவிட மேல்தளத்து சூட் அதிகம். விலை ஏறினால் சுகமும் ஏறும் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். உறக்கத்துக்கும் நடைக்கும் பத்திரமான இடம் கீழ்த்தளங்களின் நடுப்பகுதி. பட்டியலில் அது ஒரு மூலையில், "சாதாரணம்" என்ற பெயரில் கிடக்கிறது.

கம்பெனிகளுக்கு இது தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நூற்றைம்பது வருஷமாகத் தெரியும். பாய்மரக் கப்பல் வழக்கப்படி பின்கோடியில்தான் உயர் வகுப்பு இருந்தது. வைட் ஸ்டார் கம்பெனி 1871-ல் ஓஷியானிக் என்ற நீராவிக் கப்பலை விட்டபோது முதல் வகுப்பைக் கப்பலின் நடுவுக்குக் கொண்டு வந்தது. ஆட்டமும் குறைவு, பின்னால் சுற்றும் புரொப்பெல்லரின் அதிர்வும் குறைவு. பிறகு மற்றவர்களும் அதையே செய்தார்கள். 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கிலும் முதல் வகுப்பு நடுவில்தான். மூன்றாம் வகுப்பு ஏழைகளைத்தான் முன்கோடியிலும் பின்கோடியிலும் பிரித்து வைத்திருந்தார்கள். அன்றைக்குக் காசுள்ளவனுக்கு நடு இடத்தை விற்றார்கள். இன்றைக்குக் காசுள்ளவனுக்கு வேடிக்கையை விற்கிறார்கள். 1984-ல் வந்த ராயல் பிரின்சஸ் கப்பலில் எல்லாக் கேபின்களும் வெளிப்புறம் பார்த்தவை, பலவற்றுக்கு பால்கனி. அதற்குப் பிறகு வந்த கப்பல்கள் அடுக்குமாடி மாதிரி உயரத் தொடங்கின, பால்கனியே கௌரவம் ஆகிவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே தளம், ஒரே அளவு, ஒரே பால்கனி, ஆனால் நடுப்பகுதிக் கேபினுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை வைக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. காரணம் கேட்டால் "லிஃப்ட் பக்கம் சார்" என்பார்கள். லிஃப்டுக்கு மட்டுமா அந்தக் காசு?

என் கதையைக் கேட்டதும் பயண வியாபாரத்தில் இருக்கிற உறவுக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். அவர் வாதங்களை மறைக்காமல் சொல்கிறேன்.

முதல் வாதம், ஸ்டெபிலைசர். கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்குள் மீன் துடுப்பு மாதிரி நீட்டி ஆட்டத்தை அடக்கும் கருவி. உண்மைதான், நல்ல கருவிதான். ஆனால் அது அடக்குவது பக்கவாட்டு உருளலை. அதுவும் கப்பல் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான் நன்றாக வேலை செய்யும். முன்பின் சாய்வுக்கு அதனால் பெரிய உபகாரம் இல்லை. முன்கோடிக்காரனிடம் போய் "ஸ்டெபிலைசர் இருக்கிறது" என்பது, கூரை ஒழுகுகிறது என்பவனிடம் "வாசல் கதவு உறுதியானது" என்கிற மாதிரி.

இரண்டாவது, கப்பல் பெரியது. பெரிய கப்பல் குறைவாகச் சாயும், ஒத்துக்கொள்கிறேன். டார்வின் உலகம் சுற்றிய பீகிள் கப்பல் 27 மீட்டர் சொச்சம்தான். பின்கோடி அறையில் தூளி கட்டிப் படுத்துக்கொண்டு 1831 முதல் 1836 வரை அந்த மனிதர் கடல் நோயில் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவ்வளவு சின்னக் கப்பலில் எந்த மூலைக்குப் போனாலும் தப்பிக்க வழியில்லை. ஆனால் பெரிய கப்பல் என்றால் நீளமும் அதிகம், உயரமும் அதிகம் என்று அர்த்தம். நடுவுக்கும் கோடிக்கும் உள்ள வித்தியாசம் பெரிய கப்பலில்தான் பெரியது. அதில் இடம் தேர்ந்தெடுக்கும் சலுகை உண்டு. அந்தச் சலுகையை நமக்குச் சொல்லாமல் மறைப்பதுதான் என் புகார்.

மூன்றாவது வாதத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. "எல்லாம் மனப்பிரமை மாமா, மாத்திரை போட்டுக்கிட்டா சரியாப் போயிடும்" என்றார். மனப்பிரமையாவது! ஆட்களை மேலும் கீழும் ஆட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஆட்டம்தான் வயிற்றை அதிகம் கலக்குகிறது, அதை ஒட்டிய வேகங்களும் சும்மா விடுவதில்லை. காதின் உள்ளே இருக்கும் உறுப்பு "ஆடுகிறாய்" என்கிறது, கேபின் சுவரைப் பார்க்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. அந்தச் சண்டையில்தான் குமட்டல். எஃகுக்குப் பெயர் பெற்ற ஹென்றி பெஸ்ஸெமர் கடல் நோய் தாங்காமல், கப்பல் ஆடினாலும் ஆடாத தொங்கும் கூடம் ஒன்றையே கட்டினார். அதைக் கப்பலின் நடுவில்தான் வைத்தார். 1875-ல் அந்தக் கப்பல் கலே துறைமுகத்துப் பாலத்தில் மோதி அவமானப்பட்டது வேறு விஷயம்.

மாத்திரை விஷயத்திலும் ஜாக்கிரதை. வாந்திக்குக் கடையில் கேட்டு வாங்குகிற புரோமெத்தசின் வகை மாத்திரைகள் மயக்கம் தரும், வயதானவர்களைத் தள்ளாட வைக்கும். புராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் கட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஆடுகிற தரையில் மயக்க மாத்திரை போட்ட எழுபது வயதுக்காரரை எழுப்பி நடக்க விடுவது வைத்தியமா? உங்கள் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

உண்மையில், வயது ஏற ஏறக் குமட்டல் குறைகிறது. அதிகம் வாந்தி எடுப்பது சின்னப் பிள்ளைகள். நமக்கு ஆபத்து வயிற்றில் இல்லை, எலும்பில். இளவட்டங்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் வாந்தியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும், விழுவதைப் பற்றி ஒரு வரி இருக்காது. அவர்கள் விழுந்தால் சிரித்துக்கொண்டு எழுவார்கள். என் மனைவி ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தாள். இன்றைக்கும் தோசைக்கல்லை இடது கையால் தூக்க மாட்டாள்.

"சிங்கப்பூர்ல ஏறினோமே, ஒண்ணும் ஆடலையே" என்று சிலர் சொல்வீர்கள். ஆடாது. சிங்கப்பூரில் இருந்து பினாங்கு வரை மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலேயா, மறு பக்கம் சுமத்ரா, நடுவில் வாய்க்கால் மாதிரி கடல். பெருங்கடலின் நீண்ட அலை உள்ளே வரவே வழியில்லை. அங்கே பதினாலாம் தளம் என்ன, மொட்டை மாடியில் கூடப் படுக்கலாம். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பிஸ்கேவுக்கோ, வட அட்லாண்டிக்குக்கோ பிள்ளைகள் டிக்கெட் எடுத்தால்தான் வம்பு.

இதில் எனக்கு மனசு வலிக்கிற ஒன்று உண்டு. என் பெரியப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். நாகப்பட்டினத்தில் தோணி ஏறி, வெளியே நிற்கும் ரஜூலாவுக்குப் போவார். 1926-ல் கட்டிய கப்பல், 1973 வரை நம் கரைக்கும் மலேயாவுக்கும் போய் வந்தது. பெரியப்பா என்றைக்கும் டெக் டிக்கெட்தான். கேபின் உள்ளே எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்வார்: "ஏணியில ஏறினதும் வேடிக்கை பாக்காதே. ஓடிப் போயி நடுவுல பாயை விரிச்சுடணும். அணியத்துப் பக்கம் போனே, பினாங்கு வரைக்கும் சோறு தங்காது." காசே இல்லாத டெக் பயணிக்குத் தெரிந்திருந்தது. அவர் தம்பி மகன் நான், பட்டம் வாங்கி, பாடம் நடத்தி, பிள்ளையைப் படிக்க வைத்து, அவன் சம்பாத்தியத்தில் நல்ல விலை கொடுத்து அணியத்தில் போய்ப் படுத்தேன்.

பிள்ளைகளே, உங்களைக் குறை சொல்லவில்லை. விலை கூடியதை எடுத்துக் கொடுத்தால் அன்பு கூடியதாக ஆகும் என்று நினைக்கிறீர்கள். எங்கள் மகனும் அப்படித்தான் நினைத்தான். விழுந்த செய்தி கேட்டு அவன் அழுத அழுகையை இங்கே எழுத மாட்டேன். ஏஜென்டுகளிடம்தான் எனக்குப் பேச்சு. பயணிகளின் பிறந்த தேதியைப் படிவத்தில் வாங்குகிறீர்கள். 71, 68 என்று வயது கண் முன்னால் இருக்கிறது. "பெரியவங்களா, அப்போ கீழ்த்தளம் நடுவில் பாருங்க" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. விலை குறைந்த டிக்கெட் விற்றால் கமிஷனும் குறையும் என்பதைத் தவிர வேறு தடை எனக்குத் தெரியவில்லை. நான் புகார் சொன்னதற்கு வந்த பதில்: "கடல்னா ஆடத்தானே சார் செய்யும்?" டிக்கெட் விற்கும்போது ஹோட்டல், கை முறிந்த பிறகு கடல்.

கீழ் நடுக் கேபினிலும் குறைகள் உண்டு. பால்கனி இருக்காது, சன்னல் திறக்காது. சில கப்பல்களில் தலைக்கு மேலே நடன அரங்கம் இருந்து ராத்திரி ஒரு மணி வரை தொம்தொம் என்று கேட்கும். அதனால் டெக் பிளானில் உங்கள் தளத்தை மட்டும் பார்க்காமல் மேலும் கீழும் உள்ள தளங்களையும் பாருங்கள். மேலும் கீழும் கேபின்களே இருந்தால் நிம்மதி. எண் குறிப்பிடாமல், "ஏதோ ஒரு கேபின், நாங்கள் ஒதுக்குவோம்" என்று மலிவாகத் தருவதை வாங்காதீர்கள். யாரும் எடுக்காத மூலைதான் வரும். "இலவசமாக மேல் வகுப்புக்கு மாற்றித் தருகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால் உடனே கும்பிடு போட்டுச் சம்மதிக்காமல், எந்த இடம் என்று கேளுங்கள். கடல் பார்க்க ஆசையா? பகலெல்லாம் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள், தொடுவானத்தைப் பார்த்தால் குமட்டலும் அடங்கும். படுக்க மட்டும் கீழே வாருங்கள்.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு மகனிடம் பேசியிருக்கிறார். நேற்று ராத்திரி புது எண் அனுப்பினார். தளம் 5, நடுப்பகுதி, சன்னல் மட்டும். "பையனுக்கு மனசே இல்ல சார், கல்யாண நாளுக்கு இவ்வளவு சாதாரணமா இருக்கேன்னு" என்று கீழே எழுதியிருந்தார். மிச்சமான காசில் அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை எடுக்கச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். தளம் 6-ல் அந்த இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.